உங்களுக்குத் தெரியுமா? ரோஜாவுக்குக் கத்தரி வைக்கும் காலம்

டிசம்பர் முதல் தேதி வாக்கில் ரோஜாவைக் கவாத்து செய்தால் பொங்கலுக்கு வீட்டில் பூ இருக்கும். வெட்டிய கிளை துளிர்த்து, மொட்டு கட்டி, மலர ஏறத்தாழ 45 நாள் ஆகும். ஓசூர் பசுமைக்குடில்களின் பிழைப்பே இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. பிப்ரவரி 14-க்கு வெளிநாடு போக வேண்டிய தாஜ்மகால் ரகச் சிவப்பு ரோஜாவுக்கு டிசம்பரிலேயே கத்தரி எடுத்துவிடுவார்கள்.

ஓசூர் ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் ரோஜாவுக்கு அப்படி ஒத்துப்போவதால்தான் அமுதகொண்டப்பள்ளியில் தமிழக அரசின் டிட்கோ நிறுவனத்தின் கூட்டு முயற்சியாக டான்ஃப்ளோரா பண்ணை வந்தது. மூக்கண்டப்பள்ளி சிப்காட் ஓரத் தெருக்களில் பெயிண்ட் டப்பாவில் நிற்கும் செடிக்கும் அதே காற்றுதான். நல்ல வெயில் பட்டும் அது பூக்கவில்லையென்றால், ஒருமுறை கத்தரி வைத்துப் பாருங்கள்.

குளிர்நாடுகளில் ரோஜா இலையுதிர்த்து உறங்கும்; விழிக்கும் நேரம் பார்த்து வெட்டுவார்கள். நம் பக்கம் அது உறங்குவதே இல்லை. ஓயாமல் துளிர்த்துத் துளிர்த்துக் கிளை மெலிந்து பூவும் சிறுத்துவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவாத்துக்குச் சொல்கிறது. மழை ஓய்ந்த பிறகு செய்வது நல்லது. ஈரத்தில் வெட்டுவாய் வழியே நுனிக்கருகல் பூஞ்சை சுலபமாக இறங்கிவிடும்.

எங்கே வெட்டுவது? கிளையை விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். இலைத்தழும்புக்கு மேலே சிவந்த சிறு புடைப்பு தட்டுப்படும். அதுதான் கண். செடியின் நடுவை நோக்கிய கண்ணை விட்டுவிட்டு, வெளிப்புறம் பார்க்கும் கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே, தண்ணீர் கண்ணின் மேல் வடியாமல் எதிர்ப்பக்கம் வடியும்படி சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டுவாயின் நடுப்பகுதி வெளிர்ப் பச்சையாகவோ வெள்ளையாகவோ இருக்கிறதா பாருங்கள். பழுப்பு தெரிந்தால் கிளை உள்ளே காய்கிறது என்று அர்த்தம். வெள்ளை தெரியும்வரை இறக்கி வெட்டுங்கள், தயங்கவே வேண்டாம். மழுங்கிய கத்தரி கிளையை நசுக்கிவிடும்.

நுனி இருக்கும்வரை கீழ்க்கண்கள் விழிக்காது. நுனியில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப்பொருள் அவற்றை அடக்கி வைக்கிறது. நுனியை எடுத்ததும் அந்தத் தடை விலகி, வெட்டுக்குக் கீழே உள்ள கண்கள் விழித்துக்கொள்ளும்.

பூஞ்சை இறங்காமல் இருக்க வெட்டுவாயில் பூசும் போர்டோ பசை மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. பிரான்சின் போர்டோ பக்கம், சாலையோரத் திராட்சையை யாரும் பறித்துத் தின்னாமல் இருக்க இந்தக் கலவையைத் தெளித்தார்கள். தெளித்த கொடியில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததைக் கவனித்த தாவரவியலாளர் மில்லார்டே, 1885-இல் அதை மருந்தாகவே அறிவித்தார்.

கடையில் வாங்கும் ரோஜா பெரும்பாலும் ஒட்டுச்செடி. தண்டின் அடியில் முண்டு போலப் பருத்திருப்பதுதான் ஒட்டு. அதற்குக் கீழிருந்து செழிப்பாக ஒரு குருத்து கிளம்பினால் மகிழ்ந்துபோய் விட்டுவைக்காதீர்கள். அது அடிச்செடியின் கிளை. உரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரோஜாவைப் பட்டினி போட்டுவிடும். மேலாக வெட்டினால் மறுபடி வரும். மண்ணை விலக்கி, அது கிளம்பும் இடத்திலிருந்தே பிய்த்தெடுங்கள்.

பசுமைக்குடிலில் மெலிந்த கிளைகளை வெட்டி எறிவதில்லை, பக்கவாட்டில் மடக்கி விடுகிறார்கள். மடங்கிய கிளையின் இலைகள் உணவு தயாரிக்க, அடியிலிருந்து தடித்த புதுக்கிளை கிளம்புகிறது. வீட்டிலும் செய்யலாம்.

கொடி ரோஜாவை மட்டும் ஒட்ட வெட்டக் கூடாது. காய்ந்ததையும் பின்னிக்கிடப்பதையும் எடுத்தால் போதும். மற்றச் செடிகளில், வாடிய பூவைக் காம்போடு கிள்ளுவதற்குப் பதில், அதற்குக் கீழே ஐந்து சிற்றிலைகள் கொண்ட முதல் இலைக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அடுத்த பூ அந்த இலைக்கக்கத்திலிருந்து வரும்.