ஓடாத நாட்களும் ஓட்டத்தின் நாட்களே

வைகறையில் மேலநீலிதநல்லூர்ச் சாலையில் நடந்து செல்வோர், இருபுறமும் விரிந்து கிடக்கும் கரிசல் காட்டுக்கு நடுவே ஓடிப் பழகும் இளைஞர்களைக் காண்பர். காவல் துறைத் தேர்வுக்காகவும் இராணுவத் தேர்வுக்காகவும் ஓடுவோரே அவர்களுள் மிகுதி. பொழுது புலர்வதற்குள் ஓட்டத்தை முடித்துக்கொண்டு, வேலைக்கோ கல்லூரிக்கோ செல்லும் பிள்ளைகள் அவர்கள்.

அவ்வாறு ஓடியவர்களுள் நம் உறவினர் மகன் ஒருவனும் உண்டு. காவல் துறைத் தேர்வுக்கென 1,500 மீட்டர் ஓடிப் பழகியவனுக்கு நெடுந்தூர ஓட்டத்தின்மீது ஆசை பிறந்தது. சனவரித் திங்களில் சென்னையில் நடைபெறும் மாரத்தான் ஓட்டத்தில், வாழ்வில் முதன்முறையாக முழுத் தொலைவையும் ஓடி முடிப்பதென உறுதி பூண்டான். மாரத்தான் அவனுடைய ஆசை; காவல் துறை வேலையோ அவன் வீட்டின் நம்பிக்கை. இரண்டும் அவனுடைய இரு கால்களின்மீதே நின்றன.

மாரத்தானின் தொலைவு 42.195 கிலோமீட்டர். 1896-இல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக் போட்டியில் ஏறத்தாழ 40 கிலோமீட்டராக இருந்த இத்தொலைவு, 1908-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் இன்றைய அளவில் ஓடப்பட்டு, 1921-இல் உலகெங்கும் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. மூச்சும் தசையும் மட்டுமின்றி, எலும்பும் பழக வேண்டிய தொலைவு இது. அதைத்தான் நம் இளைஞன் அறியாதிருந்தான்.

வலியை மறைத்த நாட்கள்

நாளொன்றுக்கு 5 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன், சில வாரங்களுக்குள் 15, 20 எனத் தொலைவை உயர்த்தினான். தேய்ந்த காலணி, கடினமான தார்ச்சாலை, ஓய்வு நாளென்று ஒன்றும் இல்லாத பயிற்சி. அக்டோபரில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உட்புறத்தில் வலி கண்டது. முதலில் ஓடத் தொடங்கியதும் வலி குறைந்தது. பின்னர் ஓடும்போதெல்லாம் வலித்தது. இறுதியில் இரவில் படுக்கையிலும் வலித்தது.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஓடினான். யாரோ சொன்னதைக் கேட்டு எண்ணெய் தடவி அழுத்தி நீவிக்கொண்டான். திருப்பலிக்கு வந்தபோது அவன் முழந்தாளிட இயலாமல் தவித்ததைக் கண்டவர் அவனுடைய தாய்தான். "ஓடுனது போதும்யா, கால் சொல்லுதத மொதல்ல கேளு" என்று கூறி, மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

எலும்பில் நுண்ணிய விரிசல் தொடங்கியிருப்பதாக மருத்துவர் கூறினார். ஆறு வாரங்களுக்கு ஓடக்கூடாது. அந்தச் சனவரி மாரத்தானை மறந்துவிட வேண்டும். பொருட்படுத்தாமல் ஓடினால் விரிசல் முறிவாகலாம். அப்போது காவல் துறைத் தேர்வும் கைநழுவிப் போகும்.

எலும்பு ஏன் விரிசல் காண்கிறது?

எலும்பு கல்லன்று; உயிருள்ள பொருள். புதிய சுமை வரும்போது அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளுகின்றது. முதலில் பழைய பகுதியை அரித்து நீக்கும். பின்னரே புதிய பகுதியைக் கட்டும். பழைய சுவரை இடித்துவிட்டுப் புதுச்சுவர் எழுப்பும் கொத்தனாரைப் போன்றது இவ்வேலை. இடித்தலுக்கும் கட்டலுக்கும் இடைப்பட்ட வாரங்களில் எலும்பு வலுக்குறைந்திருக்கும். அப்போது சுமையை மேலும் மேலும் ஏற்றினால் விரிசல் காணாமல் என்ன செய்யும்? மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கோ பல மாதங்கள் வேண்டும். "என்னால் இன்னும் ஓட முடியும்" என்று நெஞ்சு கூறும்போது, "என்னால் முடியாது" என்று எலும்பு கூறுவது இதனாலேயே.

எல்லா வலியும் விரிசலன்று. எலும்பின் ஓரமாகச் சாண் அளவுக்குப் பரவி, ஓடத் தொடங்கியதும் குறையும் வலி, பெரும்பாலும் எலும்பைச் சுற்றிய திசுக்களின் அழற்சியே. பயிற்சியைக் குறைத்தால் அடங்கும். ஆனால் ஒரு விரலால் சுட்டிக்காட்டத்தக்க ஓரிடத்தில் வலித்தால், அவ்விடம் வீங்கினால், இரவிலும் வலி தொடர்ந்தால், ஒற்றைக் காலில் குதிக்க இயலாதுபோனால் மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கலாகாது. தொடக்க வாரங்களில் எக்ஸ்ரே படத்தில் விரிசல் தெரியாமலும் போகலாம். ஆகவே, "படத்தில் ஒன்றுமில்லை" என்பதைக் கேட்டவுடன் மீண்டும் ஓடுதல் அறிவுடைமையன்று. வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுவதோ, வீட்டில் தீப்பற்றியதை அறிவிக்கும் மணியின் நாவைக் கட்டிவைப்பதற்கு ஒப்பாகும். வெயிலில் நீர் வற்றிய உடலில் அம்மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் கேடு செய்யக்கூடும்.

மெக்சிகோவில் இருவர்

ஆயினும் காலின் வலியைவிட நம் இளைஞனை வாட்டியது மனத்தின் வலியே. "பாதியில் விட்டவன்" என்று நண்பர்கள் நகைப்பார்களோ என அஞ்சினான். அவனுக்கு நாம் ஒரு பந்தயத்தின் கதையைக் கூறினோம்.

1968 அக்டோபர் 20 அன்று மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் மாரத்தான் நடைபெற்றது. தான்சானியா நாட்டின் ஜான் ஸ்டீபன் அக்வாரி வழியில் விழுந்து முழங்காலில் கடுங்காயமுற்றார். கட்டுப் போட்டுக்கொண்டு, நொண்டியவாறே ஓடியும் நடந்தும், வென்றவர் வந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலான பின்பு, இருள் சூழ்ந்த அரங்கில் கடைசி ஆளாக எல்லையைத் தொட்டார். உலகம் இன்றும் அவரைப் போற்றுகின்றது, அது தகும்.

அதே பந்தயத்தில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலாவும் ஓடினார். 1960-இல் உரோமை நகரில் வெறுங்காலுடன் ஓடித் தங்கம் வென்றவர். 1964-இல் டோக்கியோவில், குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்த சில வாரங்களிலேயே ஓடி மீண்டும் தங்கம் வென்றவர். மூன்றாம் முறை மெக்சிகோவுக்கு அவர் காலெலும்பில் விரிசலுடன் வந்திருந்தார். ஏறத்தாழ 17 கிலோமீட்டரில் பந்தயத்தினின்று விலகினார். அவருடைய நாட்டினரான மாமோ வோல்டே வென்றார். இரு தங்கங்கள் வென்ற மாவீரருக்கே நிற்க வேண்டிய இடம் ஒன்று வந்தது. அவரைக் கோழை என்பார் எவருமுண்டோ?

மறு ஆண்டில் கார் விபத்து ஒன்று அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தியது. அப்போதும் அவர் ஓய்ந்துவிடவில்லை. வில்லெடுத்து அம்பெய்தல் போட்டியில் கலந்துகொண்டார். தொடர்வதற்குத் துணிவு வேண்டும். நிற்பதற்கும் துணிவு வேண்டும். இவ்வேளைக்கு எது தகும் எனப் பகுத்தறிவதே விவேகம். திருச்சபை போற்றும் தலையாய நற்பண்புகளுள் விவேகமும் ஒன்றன்றோ?

ஆறு வாரங்கள்

முதற் சில நாட்கள் அவன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பின்னர் மருத்துவர் இசைவளித்தவாறு, வலியில்லாத அளவுக்கு மிதிவண்டி ஓட்டினான். கால்களுக்குச் சுமை தராத உடற்பயிற்சிகளால் இடுப்பையும் தொடையையும் உறுதிப்படுத்தினான். கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும் நெத்திலிக் கருவாடும் அவன் தட்டில் இடம்பெற்றன. விடியலில் விழித்த பழக்கத்தை விடாமல், அவ்வேளையில் தாயுடன் அமர்ந்து செபமாலை சொன்னான்.

ஆறு வாரங்கள் கழிந்து, அரை மணி நேரம் வலியின்றி நடக்க இயன்ற பின்னரே ஓட்டம் தொடங்கிற்று. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஒருநாள் விட்டு ஒருநாள் பயிற்சி. தார்ச்சாலைக்குப் பதில் மண்பாதை. வலி திரும்பினால் முந்திய படிக்கே இறங்கிவிடுவது என்பதை விதியாகக் கொண்டான். அந்தச் சனவரியில் அவன் சென்னைக்குப் போகவில்லை. அதன்பின் வந்த காவல் துறை உடற்தகுதித் தேர்வில் 1,500 மீட்டரை ஓடி முடித்தான். மாரத்தான் இன்னும் அவனுக்காகக் காத்திருக்கின்றது. அவனும் இப்போது காத்திருக்கக் கற்றுவிட்டான்.

படுக்கையில் பிறந்த புனிதர்

1521 மே மாதம் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு ஒன்று இஞ்ஞாசியார் என்னும் வீரரின் காலை நொறுக்கியது. எலும்பு கோணலாகக் கூடியதால், அழகு குன்றுமே என்று அஞ்சி மீண்டும் அறுத்துச் சீராக்கச் சொன்னார். படுக்கையில் பொழுதுபோக்க வீரசாகசக் கதைகள் கேட்டார். அம்மாளிகையில் கிடைத்தவையோ கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் சரிதைகளுமே. அவற்றைப் படித்தவர் புது மனிதராக எழுந்தார். கால் நொண்டியது, ஆனால் அந்தக் காலோடுதான் அவர் நெடுந்தூரம் நடந்து இயேசு சபையை நிறுவினார். நம் வாழ்வை நிறுத்திவைக்கும் காயத்தையே இறைவன் நம்மைத் திருப்பிவிடும் வழியாகவும் ஆக்கவல்லார்.

புனித சின்னப்பரும் விசுவாச வாழ்வை ஓட்டப்பந்தயத்துக்கு ஒப்பிட்டவரே. தம் உடலில் தைத்த முள்ளை நீக்குமாறு மும்முறை இறைவனை மன்றாடியவரும் அவரே. முள் நீங்கவில்லை, அவர் ஓட்டமும் நிற்கவில்லை.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ ஓடப் பழகினால் வாழ்த்தி ஊக்குவியுங்கள். வாரத்தில் ஒருநாளேனும் முழு ஓய்வு உண்டா, வயிறார உண்கிறார்களா, நன்கு உறங்குகிறார்களா எனக் கவனியுங்கள். கடும்பயிற்சி செய்யும் பெண்பிள்ளைக்கு மாதவிலக்கு நின்றுபோனால், எலும்பு வலுவிழக்கிறது என்பதற்கு அது எச்சரிக்கையாகலாம். கூச்சத்தை விட்டு மருத்துவரை நாடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "வலிக்கிறது" என்று பிள்ளை அச்சமின்றிச் சொல்லக்கூடிய வீடாக உங்கள் வீடு இருக்கட்டும்.

உடல் நாம் படைத்ததன்று; நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. அதை உழைப்பால் வளர்ப்பது போலவே ஓய்வால் காப்பதும் நம் கடமையே.