நவம்பர் 30-க்குள் யாரிடம் போவது?

ராணுவக் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் வாசகியரிடமிருந்து சில வாரங்களாகக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்யும் வாழ்நாள் சான்றிதழுக்கான கடைசி நாள் நெருங்க நெருங்கக் குழப்பமும் கூடுகிறது. ‘அவ்வா’வில் சொன்னால் வேலை முடியுமா? மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் அவ்வாவும் ஒன்றுதானா? தாலுகா சங்கத்துக்குச் சந்தா கட்டாவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடுமா?

மூன்றும் வெவ்வேறு. அலுவலகம் மாநில அரசுடையது. தாலுகா சங்கம், ஓய்வுபெற்றவர்கள் தாங்களே கூடி நடத்துவது. அதன் சந்தாவுக்கும் ஓய்வூதியத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவ்வா, ராணுவத்தினரின் மனைவியருக்காக 1966-இல் பதிவான நலச் சங்கம். சான்றிதழ் போய்ச் சேர வேண்டிய இடம், பாதுகாப்புத் துறையின் இணையவழி ஓய்வூதியத் தளமான ஸ்பர்ஷ். இந்த மூன்றும் அதற்கு வழிகாட்டலாம், அவ்வளவுதான்.

அவ்வாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘தன்னார்வ அமைப்பு’ என்றே ராணுவம் அதை அறிமுகப்படுத்துகிறது. அதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ராணுவத் தலைமைத் தளபதியின் மனைவி எவரோ, அவரே அகில இந்தியத் தலைவர். ஒவ்வொரு கமாண்டுக்கும் அதன் தளபதியின் மனைவி. யூனிட் அளவில் குடும்ப நலப் பணிகளுக்கு, யூனிட்டின் தலைமை அதிகாரியான சி.ஓ.வின் மனைவி. கணவரின் பதவியே மனைவியின் பொறுப்பைத் தீர்மானிக்கிறது. அவருக்கு மாறுதல் வந்தால் இவருடைய பொறுப்பும் கைமாறும். கடற்படையிலும் விமானப்படையிலும் இதே ஏற்பாடுதான். சம்பளம் கிடையாது, ஆனால் மறுப்பதும் எளிதல்ல. கணவரின் ஆண்டு ரகசிய அறிக்கையை எழுதுபவரின் வீட்டிலிருந்து அழைப்பு வரும்போது, ‘இன்று எனக்கு வேறு வேலை இருக்கிறது’ என்று சொல்ல ஓர் இளம் அதிகாரியின் மனைவிக்குத் துணிவு வருமா?

இந்த ஏற்பாட்டின் பலமும் அந்தப் பதவித் தொடர்பிலேதான் இருக்கிறது. ஜவான் எல்லையில் இருக்க, குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கும் மனைவிக்கு நள்ளிரவில் பிரசவ வலி வந்தால், சி.ஓ. வீட்டிலிருந்து போகும் ஒரே அழைப்பில் வண்டி வந்து நிற்கும். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான ஆஷா பள்ளிகளைப் பல ராணுவ நிலையங்களில் நடத்த முடிவதும் இந்தச் செல்வாக்கால்தான். இதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் புகாரே யூனிட்டின் மேலோ கணவரின் மேலோ என்றால்? கணவருக்கு விடுப்பு தரவில்லை, தூக்கமில்லாமல் தவிக்கிறார், குடித்துவிட்டு அடிக்கிறார் என்பதையெல்லாம் ஜவானின் மனைவி சொல்ல வேண்டியது சி.ஓ.வின் மனைவியிடம். சொன்னால் கணவரின் பதவி உயர்வுக்குப் பாதகமாகுமோ என்று பயந்து வாயைத் திறக்க மாட்டார். உதவி செய்பவரும் தண்டிக்கும் அதிகாரம் உள்ளவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். என்னை உறுத்துவது இதுதான். சி.ஓ.வின் மனைவி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது தீராது.

அடுத்தது தூரம். இந்த வலை முகாமைச் சுற்றிப் பின்னப்பட்டது. தமிழ்நாட்டின் கண்டோன்மெண்டுகள் பரங்கிமலை-பல்லாவரமும் வெலிங்டனும்தான். குடும்பங்களோ வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டையைப் போல, தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்களில் இருக்கின்றன. அங்கே கைகொடுப்பவர் ஓய்வுபெற்ற ஹவில்தார் கிளார்க். திருமணமும் குழந்தை பிறப்பும், ராணுவ ஆவணத்தில் மாற்றங்களைப் பதியும் ‘பார்ட் டூ ஆர்டரில்’ ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் குடும்ப ஓய்வூதியம் சிக்கிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். ஆதாரில் பெயரோடு வெறும் இனிஷியல், ஓய்வூதிய ஆணையில் கணவரின் பெயர் முழுதாக என்று இருந்தால் கணினி இரண்டையும் வேறு வேறு பெண்களாக நினைத்துவிடும். அந்தத் திருத்தத்துக்கான மனுவை எந்த ரெக்கார்டு அலுவலகத்துக்கு, எந்த வாசகத்தில் எழுத வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்லித் தருகிறார். எந்த அரசு விளம்பரத்திலும் இவர் இடம்பெறுவதில்லை.

பதவி வழியாக வராத அமைப்புகளும் உண்டு. 2007 ஜூலை 31 அன்று காஷ்மீரின் உரி பகுதியில் வீரமரணம் அடைந்த கர்னல் வசந்த் வேணுகோபாலின் மனைவி சுபாஷிணி வசந்த், பெங்களூரில் வசந்தரத்னா அறக்கட்டளையைத் தொடங்கினார். கணவரை இழந்த ஜவான் குடும்பத்துப் பெண்களுக்காக அது இயங்குகிறது. அங்கே மனம் திறக்கும் பெண்ணுக்கு, எதிரே இருப்பவர் தன் கணவரின் மேலதிகாரியின் மனைவி என்ற அச்சம் இல்லை.

மற்ற கேள்விகள்:

நவம்பரைத் தவறவிட்டால்? ஓய்வூதியம் நிறுத்திவைக்கப்படும்; சான்றிதழ் ஏறியதும் நிலுவையோடு வரும்.

நடக்க முடியாதவர்கள்? தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை எடுப்பார். கட்டணம் 70 ரூபாய்.

கைரேகை பதியவில்லை என்றால்? அதிகாரி கையொப்பமிட்ட காகிதச் சான்றிதழை ஸ்பர்ஷில் பதிவேற்றலாம்.

டிசம்பர் 7 கொடிநாள் வசூல் அவ்வாவுக்கா போகிறது? இல்லை, அது அரசின் கொடிநாள் நிதி.

உதவுகிறவர் ஓ.டி.பி. கேட்டால்? எந்தச் சங்கத்தின் பெயரைச் சொன்னாலும் தொலைபேசியில் கொடுக்காதீர்கள்.