ஒரே பெயர், ஓர் அலமாரிப் புத்தகங்கள்!

வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டால் பெரிய காஞ்சிபுரத்துக்கு ஒரு நடை போய் வராத குடும்பம் நம்மில் குறைவுதான். முகூர்த்தப் புடவை எடுக்க வேண்டும். எடுத்த கையோடு காமாட்சியம்மனையும் ஏகாம்பரநாதரையும் தரிசிக்க வேண்டும். பொழுதிருந்தால் குமரகோட்டத்து முருகனையும் கும்பிட வேண்டும். பிறகு காந்தி ரோடு வழியாகச் சின்ன காஞ்சிபுரத்துக்குப் போய் வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். இதுதானே வழக்கம்?

அந்தச் சின்ன காஞ்சிபுரத்தில், வரகுவாசல் தெருவில், ஒரு வீடு இருக்கிறது. புடவைப் பெட்டியோடு வருகிறவர்களில் அந்த வீட்டை எட்டிப் பார்க்கிறவர்கள் சிலரே. அறிஞர் அண்ணாவின் நினைவு இல்லம் அது.

அண்ணாவை யாருக்குத்தான் தெரியாது என்று கேட்பீர்கள். உண்மைதான். அவர் பெயரில் சாலை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? பல்கலைக்கழகம் இருக்கிறது, 2010-இல் திறந்த நூற்றாண்டு நூலகம் சென்னைக் கோட்டூர்புரத்தில் மாடி மாடியாக எழுந்து நிற்கிறது. மேடையில் அவர் பேசிய தமிழைப் பற்றி நம் தாத்தாக்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்கள். ஆனால் ஒரு கேள்வி. நெஞ்சில் கை வைத்துப் பதில் சொல்லுங்கள். அவர் எழுதிய புத்தகம் ஒன்றையாவது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்திருக்கிறீர்களா?

என்னவெல்லாம் எழுதினார்?

ஒரு நூலகத்தில் அண்ணாவின் நூல்கள் இருக்கும் பகுதிக்குப் போனால், அத்தனையும் ஒருவர் எழுதியவைதானா என்று முதலில் சந்தேகம் வரும். 'ரங்கோன் ராதா', 'பார்வதி பி.ஏ.', 'குமரிக்கோட்டம்' என்று குடும்பக் கதைகள் ஒரு பக்கம். குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைப் பின்னணியாகக் கொண்ட 'கலிங்கராணி' இன்னொரு பக்கம். 'வேலைக்காரி', 'ஓர் இரவு', 'நீதிதேவன் மயக்கம்', 'சந்திரோதயம்' என்று நாடகங்கள். 'செவ்வாழை' போன்ற சிறுகதைகள். ரோம் நாட்டு அரண்மனைக் கதைகளைச் சொல்லும் 'ரோமாபுரி ராணிகள்'. கிரேக்கரும் ரோமரும் ஒரு காலத்தில் வணங்கிப் பிறகு கைவிட்ட தெய்வங்களைப் பற்றிய 'மாஜிக் கடவுள்கள்'. பொருளாதாரம் பேசும் 'பணத்தோட்டம்'. கம்பராமாயணத்தைக் கடுமையாக விமரிசித்த 'கம்பரசம்'. சட்டசபைப் பேச்சுகள், கல்லூரிப் பேச்சுகள், இவை போதாதென்று தம்பிக்கு எழுதிய கடிதங்கள் தொகுதி தொகுதியாக!

இத்தனைக்கும் இவர் எழுத்தையே தொழிலாகக் கொண்டு, வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தவர் அல்லர். ஒரு கட்சியை நடத்தினார், சிறை சென்றார், தேர்தலில் நின்றார், 1967-இல் முதலமைச்சரானார், 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி, அறுபது வயது நிறைவதற்கு முன்பே மறைந்தார். இவ்வளவு அலைச்சலுக்கு நடுவே எப்போது எழுதினார்? எப்படி எழுதினார்? அதைத் தெரிந்துகொண்டால்தான் அந்தப் புத்தகங்களின் தன்மையும் விளங்கும்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளை

அண்ணா பிறந்தது 1909 செப்டம்பர் 15-ஆம் தேதி, நெசவாளர் குடும்பம். தந்தை நடராசன், தாயார் பங்காரு அம்மாள். பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர் சிற்றன்னை இராசாமணி அம்மாள். அவரைத் 'தொத்தா' என்று அழைப்பார் அண்ணா. காஞ்சிபுரத்திலே பச்சையப்பன் பள்ளியில் படிப்பு. பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. வரை. படிக்கும்போதே, 1930-இல், ராணி அம்மையாரோடு திருமணம் ஆகிவிட்டது.

எழுத்து கல்லூரி நாளிலேயே தொடங்கியது. அவருடைய தொடக்கக் கட்டுரைகளில் ஒன்றின் தலைப்பு என்ன தெரியுமா? 'மகளிர் கூட்டம்'! 1934-இல் 'கொக்கரக்கோ' என்ற அவரது சிறுகதை 'ஆனந்த விகட'னில் வெளிவந்தது. பின்னர் ஈரோட்டுக்குப் போய்ப் பெரியாரின் பத்திரிகைகளில் வேலை பார்த்தார். 1942 மார்ச் 8-ஆம் தேதி சொந்த ஊரான காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அலமாரியில் இன்று நாம் பார்க்கும் புத்தகங்களில் பெரும்பகுதிக்குப் பிறப்பிடம் அந்தப் பத்திரிகைதான்.

வாரப் பத்திரிகை என்பது எப்படிப்பட்ட எஜமான் என்பது தொடர்கதை படிக்கும் உங்களுக்கும் ஓரளவு தெரிந்திருக்கும். ஏழு நாளைக்கு ஒரு முறை அதற்குத் தீனி போட்டாக வேண்டும். தலையங்கம் வேண்டும், தொடர்கதை வேண்டும், கேலிச் சித்திரம் போன்ற ஒரு துணுக்கு வேண்டும், வெளிநாட்டுச் செய்தி ஒன்று வேண்டும். கொடுப்பதற்கு ஆளில்லாவிட்டால் ஆசிரியரே எல்லாம் எழுத வேண்டியதுதான். ஆனால் ஒரே இதழில் எல்லாவற்றுக்கும் கீழே ஒரே பெயரைப் போட்டால் நன்றாயிருக்குமா? அதற்காகத்தான் புனைபெயர்கள். சௌமியன், பரதன், நக்கீரன், சம்மட்டி, ஒற்றன், ஆணி என்று அண்ணா வைத்துக்கொண்ட பெயர்கள் பல.

வேடிக்கை என்னவென்றால், எழுதிய காலத்தில் ஒரே மனிதர் பல பேராக நடமாடினார். புத்தகமான பிறகு அத்தனை பேரும் 'அண்ணா' என்ற ஒரே பெயருக்குள் வந்து அடங்கிவிட்டார்கள். கதை சொல்பவர், கேலி செய்பவர், வழக்காடுபவர், பாடம் நடத்துபவர் என்று ஆளுக்கொரு குரல் அந்தப் புத்தகங்களில் கேட்பதற்கு இதுவே காரணம்.

கதைகளின் நடுவே பெண்கள்

இனி, நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கதைகளின் தலைப்புகளை மறுபடி பாருங்கள். ராதா, பார்வதி, வேலைக்காரி, கலிங்கராணி... பெண்களின் பெயர்களாகவே இருக்கின்றன அல்லவா? தலைப்போடு நின்றுவிடுகிற விஷயமில்லை இது.

'ரங்கோன் ராதா'வை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய மனிதர் என்று ஊர் மதிக்கும் ஒருவர். அவருக்கு நல்ல மனைவி. ஆனால் மனைவியின் தங்கைமேல் ஆசை; அவளுக்கு வரும் சொத்தின்மேலும் ஆசை. என்ன செய்கிறார்? மனைவிக்குப் பேய் பிடித்திருக்கிறது, புத்தி பேதலித்திருக்கிறது என்று ஊரை நம்ப வைக்கிறார். அவள் உண்மையைச் சொல்லச் சொல்ல, "பார்த்தீர்களா, பிதற்றுகிறாள்" என்கிறது உலகம். தன் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போன ஒரு பெண்ணின் தவிப்பை இதைவிடத் திகிலாகச் சொல்ல முடியுமா? 1956-இல் படமாக வந்தபோது சிவாஜி கணேசன் கணவராகவும் பானுமதி மனைவியாகவும் நடித்தார்கள். படம் பார்த்தவர்களும் நாவலைப் படிக்கலாம். படிக்கும்போது கிடைக்கும் கலக்கம் வேறு.

'குமரிக்கோட்ட'த்தில், சாதியைச் சொல்லி மகனின் காதலை ஏற்க மறுத்த தந்தை, பின்னாளில் தாமே ஓர் ஏழைத் தொழிலாளிப் பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்துவிடுகிறார். 'வேலைக்காரி'யில் ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை அந்த வீட்டு வேலைக்காரியை விரும்புகிறான். 1949-இல் அது படமாக வெளிவந்து வெற்றி பெற்றது. 'ஓர் இரவு' நாடகத்தைப் பார்த்த 'கல்கி' அவர்கள், அரசியலில் எதிர்ப் பக்கத்தில் இருந்தும், அண்ணாவைப் பெர்னார்ட் ஷாவோடு ஒப்பிட்டு மனமாரப் பாராட்டி எழுதினார்கள். நல்ல எழுத்தை எதிரணியில் கண்டாலும் மெச்சும் பண்பு அது.

கதையில் வந்த கல்யாணங்கள் கதையோடு போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புரோகிதரும் சடங்கும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் நெடுங்காலம் சட்டத்தின் கண்ணுக்குத் திருமணமாகவே தெரியவில்லை. அப்படி மணந்த மனைவியின் நிலை என்ன, குழந்தைகளின் உரிமை என்ன என்று எத்தனை குடும்பங்கள் கலங்கியிருக்கும்! 1967-இல் அண்ணாவின் அரசு இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தி அவற்றைச் செல்லத்தக்கதாக்கியது. ஏற்கெனவே நடந்திருந்த திருமணங்களுக்கும் அது பொருந்தும் என்பதுதான் அதில் சிறப்பு. கதாசிரியர் ஒருவர் தம் கதாபாத்திரங்களுக்குக் கோட்டையிலிருந்து நியாயம் வழங்கியதாகவே இதைச் சொல்லலாம்.

குறையும் உண்டு

புகழ்ந்துகொண்டே போனால் அது விளம்பரமாகிவிடும். குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அண்ணாவின் கதாபாத்திரங்கள் சில நேரம் வீட்டுக் கூடத்தில் பேசுவதைவிட்டு மேடைக்குத் தாவிவிடுவார்கள். அடுக்குமொழி கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். கதையில் தற்செயலான சந்திப்புகளும் அதிகம். தவிர, அவர் சண்டைக்காரர். தாம் எதிர்த்ததை மென்மையாக எதிர்த்தவர் அல்லர். 'கம்பரசம்' படித்துக் கோபப்பட்ட தமிழன்பர்கள் பலர். கம்பனைப் பற்றி 1943-இல் ரா. பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் அண்ணா மேடையில் வாதிட்டார். அந்த வாதங்கள்தான் 'தீ பரவட்டும்' என்ற நூலாயின. 'ஆரிய மாயை' நூலுக்காக 1950-இல் எழுநூறு ரூபாய் அபராதம் விதித்தார்கள். கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்.

பக்தியுள்ள வாசகிகளுக்கு இவற்றில் சில பக்கங்கள் கசக்கும். கசந்தால் தாண்டிப் போகலாம். அல்லது நின்று மனத்துக்குள்ளேயே அவரோடு வாதிடலாம். அன்றைக்குச் சேதுப்பிள்ளை மேடையேறிப் பதில் சொல்லவில்லையா? புத்தகத்தை மூடி வைப்பதைவிட அதற்குப் பதில் தேடுவது மேல்.

இத்தனை முழக்கமும் இல்லாத வேறோர் அண்ணாவையும் அதே அலமாரியில் காணலாம். 'செவ்வாழை' ஒரு சின்னக் கதைதான். ஓர் ஏழைக் குடியானவன் தன் குழந்தைகள் தின்பதற்கென்று ஆசையாக ஒரு செவ்வாழையை வளர்க்கிறான். குழந்தைகள் நாள் எண்ணிக் காத்திருக்கிறார்கள். குலை முற்றும் நேரத்தில் பண்ணை வீட்டிலிருந்து ஆள் வருகிறது. குலை அங்கே போய்விடுகிறது. இதில் உரத்த பேச்சு இல்லை; குழந்தைகளின் ஏமாந்த முகம்தான் நினைவில் நிற்கிறது.

தம்பிக்கு வந்த தபால்

1955 முதல் அண்ணா தம் பத்திரிகையில் தம்பிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். முதலில் 'திராவிட நாடு', பிறகு 'காஞ்சி' என்று பத்திரிகை மாறினாலும் கடிதம் தொடர்ந்தது. "தம்பி!" என்று தொடங்கி, ஊர்க் கதை ஒன்று, படித்த புத்தகம் ஒன்று, நாட்டு நடப்பு ஒன்று என்று பேசிக்கொண்டே போவார். அரசியல் கடிதங்கள்தான், ஆனால் அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது போன்ற உறவுத் தொனி அவற்றில் இருந்தது. கடைசிக் கடிதம் 1969-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வந்தது. நோயோடு போராடிய நாட்களில் எழுதிய கடிதம் அது. அடுத்த மாதத் தொடக்கத்தில் எழுதிய கை ஓய்ந்தது.

இனி யார் சொத்து?

1995-இல் தமிழக அரசு அண்ணாவின் நூல்களை நாட்டுடைமையாக்கியது. அதாவது அவற்றை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், விற்கலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எல்லாருக்கும் சொந்தமான பொருளை யாரும் கவனிப்பதில்லை. பொதுக் கிணற்றைத் தூர் வார யார் முன்வருகிறார்கள்? புத்தகத்துக்குத் தூர் வாருவது என்றால் படிப்பது. படித்ததைப் பற்றி வீட்டில் நாலு வார்த்தை பேசுவது. சிலைக்கு மாலை போட அவர் கட்சியார் இருக்கிறார்கள். புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்பது கட்சி பார்த்துச் செய்கிற காரியமல்ல. அது வாசகர்கள் கையில்தான் இருக்கிறது.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று திகைக்க வேண்டாம். முதலில் 'செவ்வாழை', அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பிடித்திருந்தால் 'ரங்கோன் ராதா'. பிறகு நாடகங்களில் 'ஓர் இரவு'. இதைக் குடும்பத்தில் ஆளுக்கொரு பாத்திரமாக உரக்கப் படித்தால் இன்னும் சுவைக்கும். கல்லூரியில் படிக்கும் பெண் வீட்டில் இருந்தால் 'பார்வதி பி.ஏ.'யை அவள் கையில் கொடுங்கள். தம்பிக்கு எழுதிய கடிதங்களைத் தினம் ஒன்றாகப் படிக்கலாம். விவாதம் பிடிக்கும் என்கிறவர்கள் கடைசியாகத் 'தீ பரவட்டும்' நூலுக்கு வரலாம்.

இத்தனையையும் படித்துவிட்டு, "எனக்கு இதில் பாதி பிடிக்கவில்லை" என்று நீங்கள் சொன்னாலும் பாதகமில்லை. படித்தவர் சொல்லும் மறுப்புக்கு ஒரு மரியாதை உண்டு; படிக்காமல் சொல்லும் புகழ்ச்சிக்கு அது கிடையாது.