கட்டத்தில் இட்டது முழு எண்தானா?

மாடுகளையும் மாணவர்களையும் முழு எண்களாலன்றி எண்ண இயலாது. ஆயினும், இணையப் படிவத்தின் கட்டத்தில் இடப்பட்டது முழு எண்தானா என்பதைக் கணிப்பொறி தானாக அறிந்துகொள்வதில்லை. அதைச் சோதிக்கும் விதியை நிரல் எழுதுவோரே வகுத்தல் வேண்டும்.

இணையப் பக்கங்களில் பெரிதும் வழங்குவது, 1995-ஆம் ஆண்டில் பிரெண்டன் ஐக் என்பவர் ஆக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியாகும். படிவத்தில் தட்டப்படுவது சாதாரணமாக எழுத்துத் தொடராகவே நிரலை வந்தடைகிறது. அதனை எண்ணாக மாற்றும்போதுதான் பிழை நேருகிறது.

பார்ஸ்இன்ட் என்னும் கட்டளை இடப்புறமிருந்து படித்துச் சென்று, இலக்கமல்லாத குறியைக் கண்டதும் நின்றுவிடும். ஆகவே "12.5" என்பது 12 ஆகிவிடும். நம் நாட்டு வழக்கப்படி "1,25,000" என எழுதினாலோ, முதற் காற்புள்ளியிலேயே நின்று, வெறும் 1 என்று கொள்ளும்! நம்பர் என்னும் கட்டளை இவ்விரண்டிலும் ஏமாறாது. ஆனால், வெற்றுக் கட்டத்தை அது 0 என மாற்றிவிடும். "எண்ணப்படவில்லை" என்பது "ஒன்றுமில்லை" என்றாகிவிட்டால் கணக்கு முழுவதும் பொய்த்துவிடும்.

2015-ஆம் ஆண்டின் மொழி விதிகளில் நம்பர்.ஈஸ்இன்டிஜர் என்னும் சோதனை சேர்க்கப்பட்டது. இது 5 என்பதை ஏற்கும், 5.5 என்பதை மறுக்கும். எழுத்துத் தொடராக உள்ள "5" என்பதையும் மறுக்கும். 5.0 என்பதை ஏற்பதேன்? இம்மொழியின் சாதாரண எண் வகை ஒன்றே. அதில் 5-ம் 5.0-ம் ஒரே மதிப்பாகும். இவ்வகை எண்களுக்கு வரம்பும் உண்டு. 9007199254740991 என்பதற்கு மேற்பட்ட முழு எண்கள் யாவும் பிசகின்றிக் காக்கப்படும் என்று கூறவியலாது.

எனவே சோதனையின் முறை வருமாறு: முதலில் கட்டம் வெறுமையா எனக் காண்க, அடுத்து, இலக்கங்கள் மட்டுமே உள்ளனவா எனக் காண்க, பின்னரே எண்ணாக மாற்றி, வரம்புக்குள் அடங்குகிறதா எனக் காண்க. விவரத்தைப் பெறும் சர்வரிலும் இச்சோதனையை மீண்டும் நடத்துதல் அவசியம்.

இலக்கங்களால் ஆனவை அனைத்தும் எண்கள் அல்ல. பள்ளிகளுக்குரிய யூடைஸ் குறியீடு 11 இலக்கங்கள் கொண்டது. இமாசலப் பிரதேசத்தில் அது 02 எனத் தொடங்கும். அதை எண்ணாக மாற்றினால் முன்னுள்ள பூஜ்யம் மறைந்து, குறியீடே பயனற்றதாகிவிடும். அத்தகையவற்றை எழுத்துத் தொடராகவே வைத்தல் வேண்டும்.

களப்பணியாளர் கடைப்பிடிக்க வேண்டியவை இரண்டு: எண்ணிக்கையைக் காற்புள்ளியின்றி இலக்கங்களால் மட்டும் குறிப்பிடுக, எண்ணப்படாத இடத்தில் 0 இடாதிருக்க.