கல்லாவில் அரசு இருக்கலாம், கணக்கும் இருக்க வேண்டும்!

முதல் போட்டவர் ஒருவர், கடையை நடத்துபவர் மற்றொருவர் என்றால் அங்கே கணக்கு கண்ணாடி போல இருக்க வேண்டும் என்பது நம் தொழிலின் பாலபாடம். பங்காளிகள் இருவர் சேர்ந்து நடத்தும் மண்டிக்கே இது பொருந்தும் என்றால், கோடிக்கணக்கான மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் அரசு சார்ந்த நிறுவனங்களுக்கு எவ்வளவு பொருந்தும்! அந்த முதலில் நாம் கட்டிய விற்பனை வரியும், இன்று கட்டும் ஜி.எஸ்.டி.யும் அடங்கியுள்ளன. ஆகவே, கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

அரசு தொழில் நடத்தினாலே நட்டம்தான் என்று சிலர் சொல்வார்கள். தனியாரிடம் கொடுத்தால் எல்லாம் போயிற்று என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே அவசரப் பேச்சு. நாம் அனைவரும் அறிந்த இரண்டு கைக்கடிகார நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம்.

இரண்டு கடிகாரங்களின் கதை

எச்.எம்.டி. மத்திய அரசின் நிறுவனம். 1953இல் இயந்திரக் கருவிகள் செய்யத் தொடங்கி, 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்தது. கல்யாண மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. கடிகாரம் போடுவது நம் வீடுகளில் ஒரு கௌரவமாகவே இருந்தது. கேட்ட மாடல் கிடைக்காமல் மக்கள் காத்திருந்த காலமும் உண்டு.

டைட்டன் 1984இல் தோன்றியது. டிட்கோ என்னும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனம் இது. தொழிற்சாலை ஓசூரில் அமைந்தது. இன்றும் டிட்கோவின் பங்கு 27.88 சதவீதம், டாட்டா குழுமத்தின் பங்கு சுமார் 25 சதவீதம். அதாவது, நம் மாநில அரசின் பங்கே அதிகம். பலருக்கு இது தெரியாது.

சாவி கொடுக்கும் கடிகாரத்திலிருந்து பாட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்துக்குச் சந்தை மாறியபோது, டைட்டன் குவார்ட்ஸையே நம்பிக் களத்தில் இறங்கியது. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்யாமல் இல்லை. ஆனால் பழைய சரக்கையே பெரிதாக நம்பியது. ஆண்டுக்கு ஆண்டு நட்டம் கூடி, 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. டைட்டனோ 2023-24ஆம் ஆண்டுக்குப் பங்கு ஒன்றுக்கு 11 ரூபாய் ஈவுத்தொகை கொடுத்தது. டிட்கோவிடம் உள்ள பங்குகள் சுமார் 24.75 கோடி. பெருக்கிப் பாருங்கள்: ஒரே ஆண்டில் சுமார் 272 கோடி ரூபாய்!

வித்தியாசம் எங்கே?

எச்.எம்.டி. தொழிலாளிகளின் கைத்திறனில் குறை இல்லை. அந்தக் கடிகாரங்கள் பல வீடுகளில் இன்றும் ஓடுகின்றன. வித்தியாசம் நிர்வாக அமைப்பில் இருக்கிறது.

டைட்டன் இயக்குநர் குழுவின் தலைவராக டிட்கோ சார்பில் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் இருந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் மாறலாம், ஆட்சியும் மாறலாம். ஆனால் அன்றாட வியாபாரம் மேலாண்மை இயக்குநர் கையில் இருக்கிறது. ஜெர்க்சஸ் தேசாய் 2002 வரையிலும், அவருக்குப் பின் பாஸ்கர் பட் 2019 வரையிலும் அந்தப் பொறுப்பில் இருந்தார்கள். தொடங்கிய நாள் முதல் 2019 வரை இரண்டே பேர்! ஆண்டுக்கொரு கணக்குப்பிள்ளை மாறும் கடை உருப்படுமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

பொறுமையும் இருந்தது. 1990களில் தொடங்கிய தனிஷ்க் நகைப் பிரிவு முதலில் 18 காரட் நகையை விற்கப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டது. நம் பெண்மணிகள் கேட்டது 22 காரட். உடனே கடையைச் சாத்தவில்லை; வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுத்தார்கள். இன்று டைட்டனின் வருமானத்தில் பெரும்பங்கு அந்த நகைப் பிரிவிலிருந்தே வருகிறது.

மூன்றாவது, வெளிச்சம். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை வெளியிட்டே ஆக வேண்டும். ஆனால், பட்டியலில் இல்லாத பல மாநில அரசு நிறுவனங்களின் கணக்குகள் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடப்பதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டி வருகிறார். ஐந்தொகை எடுக்காத கடையில் இலாபமா நட்டமா என்று யாருக்குத் தெரியும்? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான்.

அப்படியானால் தனியார் பங்காளி இருந்தால்தான் நன்றாக நடக்குமா? அப்படியும் இல்லை. 1979இல் தமிழக அரசு அமைத்த தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையில் காகிதம் செய்து பேர் வாங்கியது. சர்க்கரை ஆலைகள் எரித்து வந்த சக்கையை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக எரிபொருளும் நீராவியும் கொடுத்த பண்டமாற்று, எந்த வியாபாரியும் மெச்சும் யோசனை. அந்த நிறுவனமும் பங்குச் சந்தையில் கணக்குக் காட்டுகிறது.

சேவைக்கும் கணக்கு வேண்டும்

அரசு நிறுவனம் இலாபத்துக்காக மட்டும் நடப்பதில்லை. 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் கொடுக்கப்படுகிறது. அதற்கான ஈட்டை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு மானியமாக அளிக்கிறது. இதுதான் முறை. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். சேவைக்கு ஆகும் செலவைத் தனியே எழுதினால், மீதி நட்டம் நிர்வாகத்தின் குறையா இல்லையா என்பது தானே தெரிந்துவிடும்.

நமக்கும் இதில் பங்குண்டு

சாக்கு, சணல் கயிறு மொத்த வியாபாரத்தில் இருக்கும் எனக்கு, அரசு சார்ந்த ஒரு நிறுவனத்துக்குப் போட்ட சரக்கின் பணம் வந்து சேர 14 மாதம் ஆயிற்று. வங்கிக்குக் கட்டிய வட்டியில் இலாபம் கரைந்து போயிற்று. இந்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும்.

2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறுதொழில் செய்வோரிடம் சரக்கு வாங்கியவர்கள் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வணிகர்களையும் அந்தப் பதிவில் சேர்த்தார்கள். ஆனால் முன்னுரிமைக் கடன் சலுகை மட்டுமே நமக்குக் கிடைத்தது. தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு கிடைக்கவில்லை.

எனவே நம் சங்கம் மூன்று கோரிக்கைகளை முன்வைக்க வேண்டும். ஒன்று, மாநில அரசின் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக் கணக்கை உரிய காலத்தில் வெளியிட வேண்டும். இரண்டு, நிர்வாகிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் உறுதி செய்யப்பட வேண்டும். மூன்று, வணிகர்களுக்குத் தர வேண்டிய பாக்கியும், எத்தனை நாளாக நிற்கிறது என்பதும் அந்தக் கணக்கிலேயே காட்டப்பட வேண்டும்; 45 நாள் பாதுகாப்பு நமக்கும் வேண்டும்.

ஒரு நிறுவனத்தின் யோக்கியதையை அதன் கட்டிடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கொடுக்க வேண்டியதைக் கெடுவில் கொடுக்கிறதா என்று பார்த்தாலே போதும். நம்மிடம் வரியைக் கெடு வைத்து வாங்கும் அரசு, தன் நிறுவனங்களுக்கும் அதே கெடுவை வைக்கட்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர அனைவரும் ஒத்துழைக்க வேண்டுகிறேன்.