பெருவிரலில் படிந்த பாகு

தீபாவளிக்கு மீந்த குலாப் ஜாமூன் பாகை நாலு நாள் கழித்துத் திறந்தால், பாத்திரத்தின் ஓரமெல்லாம் சர்க்கரை கரகரவென்று படிந்திருக்கும். அடுப்பில் சூடாக இருந்தவரை கரைந்து கிடந்த அதே சர்க்கரைதான். தண்ணீர் வற்றியது, சூடும் ஆறியது. கரைந்து நிற்க இடமில்லாமல் போயிற்று.

கௌட் என்னும் மூட்டு வலிக்குக் காரணம் ஏறக்குறைய இதுவே. உணவிலும் நம் செல்களிலும் உள்ள பியூரின் உடைந்து யூரிக் ஆசிட் ஆகிறது. பல விலங்குகள் அதை மேலும் உடைத்துவிடும். மனிதருக்கு அதற்கான நொதி இல்லை, சிறுநீரகம்தான் பெரும்பகுதியை வெளியேற்ற வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் யூரிக் ஆசிட் சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் பாகு முற்றிய கணக்கு. கால் பெருவிரல் உடம்பின் குளிர்ந்த ஓரம் என்பதால் முதல் ஊசிப் படிகங்கள் பெரும்பாலும் அங்கேதான் விழும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் உலையருகே ஷிப்டு முடித்து, வியர்த்துக் கொட்டியபின் சொம்புத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திருநின்றவூரில் வந்து படுப்பவருக்கு, விடியற்காலை மூன்று மணிக்குப் போர்வை பட்டாலே உயிர் போவது இப்படித்தான்.

கௌட் கண்ணையும் பாதிக்குமா என்ற கேள்விக்கு வருவோம். பாகுக் கணக்கு இங்கே உதவாது. விழித்திரையில் படிகம் உட்காருவதல்ல இங்கே சந்தேகம். படிகத்தை விழுங்கும் வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டா போன்ற அழற்சிப் பொருள்களை வெளியிடுகின்றன. ரத்தத்தோடு சுற்றும் அந்த அழற்சிதான் சந்தேகத்துக்குரியது. விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவுக்கு அடியில் வயதாக ஆகக் கழிவு சேரும். அழற்சி கூடினால் சிதைவு விரைவுபடலாம். அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்களின் மெடிகேர் காப்பீட்டுப் பதிவுகளை அலசிய 2018 ஆய்வில், கௌட் உள்ளவர்களுக்கு மாக்குலா சிதைவு வரும் வாய்ப்பு சுமார் 39 சதவீதம் கூடுதல். மற்ற நோய்களைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. கௌட்தான் கண்ணைக் கெடுத்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. என்னைக் கேட்டால், பீடி சிகரெட்டை விட்டொழிப்பதே முதல் வேலை. மாக்குலாவுக்கு அதன் கேடு எப்போதோ உறுதியாகிவிட்டது.

கௌட் உள்ளவர் ஐம்பதைத் தாண்டினால், சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். இதற்கென்று சென்னை எழும்பூரில், 1819இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள், பிறகு மறு கண்ணால். நேர்க்கம்பி நெளிந்து தெரிந்தால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.