பயிற்சி ஆசிரியர்களின் 16 வாரங்கள்

ஒவ்வொரு கல்வியாண்டிலும் சில மாதங்கள் நம் ஆசிரியர் அறையில் கூடுதல் நாற்காலிகள் தேவைப்படும். கல்வியியல் கல்லூரிகளிலிருந்து பி.எட். மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக்கு வந்திருப்பார்கள். தென் சென்னையில் உள்ள ஓர் அரசுப் பள்ளியின் கணித ஆசிரியை என்ற முறையில், பல அணிகளுக்கு வழிகாட்டி ஆசிரியராக இருந்திருக்கிறேன். இந்தப் பயிற்சியை நடத்தும் பொறுப்பு கல்லூரிக்கு மட்டும் உரியதன்று; பள்ளி நாள் முழுவதும் அவர்கள் நம்மோடுதான் இருக்கிறார்கள். அந்த நாள்களை எப்படித் திட்டமிடலாம் என்பதை என் அனுபவத்திலிருந்து பகிர்கிறேன்.

விதியும் நடைமுறையும்

நான் பி.எட். படித்தபோது அது ஓராண்டுப் படிப்பு; பள்ளியில் 40 நாள் பயிற்சி. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை ஈராண்டுப் படிப்பாக்கின. பள்ளிப் பயிற்சி முதலாண்டில் 4 வாரங்கள், இரண்டாம் ஆண்டில் 16 வாரங்கள் என 20 வாரங்களாயிற்று. 16 வாரங்களில் முதல் வாரம், வழக்கமான ஆசிரியர் பாடம் நடத்துவதை உற்றுநோக்குவதற்கு உரியது.

ஆனால் வந்த மறுநாளே, விடுப்பில் இருக்கும் ஆசிரியரின் வகுப்புக்கு அவர்களை அனுப்பிவிடும் பள்ளிகள் உண்டு. சமுதாயப் பணியோ ஒரு பேரணி, ஒரு பதாகை, நான்கு நிழற்படங்கள், பதிவேட்டில் ஒரு கையொப்பம் என்று முடிந்துவிடுகிறது. இதனால் குழந்தைகளுக்கும் பயனில்லை, பயிற்சி பெறுபவருக்கும் பயனில்லை.

நம் ஊரின் முன்னோடிகள்

பயிற்சியும் பள்ளியும் ஒன்றாக இயங்க வேண்டும் என்பது சென்னைக்குப் புதிதன்று. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியின் வரலாறு 1856இல் தொடங்குகிறது. 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது பயிற்சிப் பள்ளியும் அதனோடு சேர்ந்தே அமைந்தது. அதன் முதல் முதல்வர் சகோதரி சுப்புலட்சுமி. வகுப்பறைக்கு வெளியேயும் பணியாற்றிய அவர், 1942இல் மயிலாப்பூரில் வயதுவந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார்.

உயர்கல்வியில் சமுதாயப் பணிக்கு நாமறிந்த அமைப்பு நாட்டு நலப்பணித் திட்டம். காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் அமைப்பு. ஒரு கிராமத்தையோ குடியிருப்பையோ தத்தெடுத்து, அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்வது அதில் நாம் கற்க வேண்டிய கூறு. ஒரே நாளில் முடியும் பணியில் இந்தத் தொடர்ச்சி இருக்காது.

16 வாரங்களைப் பிரித்தல்

முதல் வாரம் உற்றுநோக்கல் மட்டும். நாளுக்கு ஒரு கேள்வி கொடுப்பேன். ‘இன்று ஒருமுறைகூடப் பேசாத குழந்தைகள் யார்?’ என்பது முதல் நாள் கேள்வி. அடுத்த மூன்று வாரங்கள் பாடவேளையைப் பகிர்ந்து நடத்துவோம். நான் கருத்தை விளக்க, அவர் பயிற்சிக் கணக்குகளைச் செய்ய வைப்பார். ஐந்தாம் வாரம் முதல் அவரே முழு வகுப்பும் எடுப்பார். வாரத்தில் இரண்டு வகுப்புகளில் கடைசி இருக்கையில் அமர்ந்து கவனிப்பேன். பிறகு 15 நிமிடம் பேசுவோம். யாருக்குப் புரியவில்லை, அதை எப்படி அறிந்தீர்கள் என்ற இரண்டு கேள்விகளே போதும். கடைசி இரண்டு வாரங்கள் அடைவுத் தேர்வுக்கும் பொறுப்பு ஒப்படைப்புக்கும்.

மாற்று வகுப்புகளை அறவே தவிர்க்க இயலாது என்பதை அறிவேன். நாளுக்கு ஒன்றுக்கு மேல் இல்லை, அதுவும் அவர் அறிந்த வகுப்பில் மட்டும் என்று தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி வைக்கலாம்.

செயல்திட்டம் எங்கிருந்து வர வேண்டும்?

தலைப்பைப் பள்ளியின் தேவையிலிருந்து எடுக்க வேண்டும். அது பத்து வாரங்களில் முடிய வேண்டும். அவர்கள் சென்றபின் தொடர்ந்து நடத்த பள்ளியில் ஒருவர் இருக்க வேண்டும். இம்மூன்றையும் கேட்ட பிறகே நான் ஒப்புதல் தருகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். என் ஒன்பதாம் வகுப்பில் முதல் பாடவேளை கணிதம். உற்றுநோக்க வந்த இரண்டு மாணவியர், அந்த வேளையில் ஒன்பது இருக்கைகள் வழக்கமாகக் காலியாக இருப்பதைக் குறித்தார்கள். அதையே செயல்திட்டமாக்கினோம். இரண்டு வாரம் வருகை நேரத்தைப் பதிந்து, ஒவ்வொரு குழந்தையிடமும் தனியே பேசினார்கள். ஏழு பேர் அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். பழைய பள்ளியை விட மனமில்லாமல் சுமார் 20 கி.மீ. பேருந்தில் வருகிறார்கள். ஒரு பேருந்தைத் தவறவிட்டால் முதல் பாடவேளை போய்விடும்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் மூவரும் பெரும்பாக்கம் சென்று பெற்றோரைச் சந்தித்தோம். ‘தினமும் வாசலில் நின்னு திட்டு வாங்குறா டீச்சர், நிறுத்திடலாமான்னு இருக்கேன்’ என்றார் ஒரு தாய். அவர்கள் தொகுத்த பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தோம். கணிதம் மூன்றாம் பாடவேளைக்கு மாறியது. முதல் பாடவேளைக் குறிப்புகளை எழுதிக்கொடுக்க, அருகிருக்கும் நண்பர் ஒருவரைக் குழந்தைகளே தேர்ந்தெடுத்தார்கள். பேருந்து நேரம் மாறவில்லை. மூவர் இன்னும் தாமதமாகத்தான் வருகிறார்கள். ஆனால் அந்தப் பெண் பள்ளியை விட்டு நிற்கவில்லை. இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

அந்த மாணவியருக்கோ தனியாள் ஆய்வு, பெற்றோர் சந்திப்பு, தரவுத் தொகுப்பு ஆகிய மூன்றும் ஒரே பணியில் கிடைத்தன. பதிவேட்டுக்காகத் தனியே எதையும் உருவாக்க வேண்டியிருக்கவில்லை.

ஒப்படைப்பு

கடைசி நாளில் பிரிவு விழாவும் நிழற்படமும் இருக்கட்டும். அதற்கு முன் ஒரு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதி வாங்குங்கள்: என்ன செய்தோம், எது பாதியில் நிற்கிறது, இனி யார் பார்ப்பார். அந்தப் பக்கத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்தால், அடுத்து வரும் அணி விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

அடுத்த அணி வருமுன் நடக்கும் ஆசிரியர் கூட்டத்தில், நம் பள்ளியின் இரண்டு உண்மையான தேவைகளை எழுதி வைப்போம். அவர்கள் ‘எந்தத் தலைப்பில் செய்யலாம்?’ என்று கேட்கும்போது அந்தத் தாளை எடுத்து நீட்டலாம்.